ஆறு பேரும் ஒரு பிரம்புப் பந்தும்

ஊரிலிருந்து ரங்கூனுக்கு வரும் சொந்தக்காரர்கள் சின்லோன் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுல எந்தக் கட்சி ஜெயிக்குது?" ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே ஒரு பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டி எழுப்புகிறார்கள். கோல் கம்பம் கிடையாது, வலை கிடையாது, எதிர்க்கட்சியும் கிடையாது. சின்லோனில் இருப்பது ஒரே கட்சி. எதிராளி தரைதான். பந்து தரையைத் தொட்டால் அந்தச் சுற்று அறுந்தது. எடுத்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதைச் சொல்லி விளக்கிய பிறகும் பார்க்கிறவர் கண் நடுவில் நிற்பவரிடமே போய் ஒட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் பந்தைப் பார்க்காமலே உள்ளங்காலால் எழுப்புகிறவர் அவர்தானே. ஆனால் ஆட்டத்தைத் தாங்குவது சுற்றி நடக்கும் ஐந்து பேர். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் பாதியில் விட்டுப்போவதற்கும் இந்தப் பார்வைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நடுவர் (நடுவில் நின்று ஆடுபவரைத்தான் சொல்கிறேன், தீர்ப்புச் சொல்பவரை அல்ல) செய்யும் வித்தையை முதல் வாரமே செய்யப் பார்க்கிறார்கள்; வட்டத்தில் நிற்கப் பழகுவதில்லை. அதனால் இந்தப் பதிவில் வித்தைகளைவிட வட்டத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பர்மிய மொழியில் 'சின்' என்றால் கூடை, 'லோன்' என்றால் உருண்டை. உருண்டைக் கூடை என்பது பந்தின் பெயர். ஆட்டத்துக்கும் அதே பெயர். முதல் எழுத்தை 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல அழுத்திச் சொல்ல வேண்டும். 'சின்' என்று மெலிதாகச் சொன்னால் பர்மியக் காதுக்கு வேறு ஏதோ போலக் கேட்கும்.

பந்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல சின்லோன் பந்து உள்ளே எதுவும் இல்லாத வெறும் பிரம்புப் பின்னல். சுற்றளவு சுமார் 16 அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உற்றுப் பார்த்தால் பந்தை முழுச்சுற்றாகச் சுற்றி வரும் ஆறு பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் பல பிரம்பு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து உருவானது. எந்த இரண்டு பட்டையை எடுத்தாலும் அவை பந்தின் இரு எதிரெதிர் இடங்களில் சந்திக்கும். ஆக ஒரு பட்டைக்கு 10 சந்திப்பு, மொத்தம் 30. ஒரு சந்திப்பில் மேலே போன பட்டை அடுத்ததில் கீழே போகும். இப்படி மேலும் கீழுமாகப் போவதால் பட்டைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பசையோ ஆணியோ வேண்டியதில்லை. பட்டைகளுக்கு நடுவே 12 ஐங்கோணத் துளைகள் திறந்திருக்கும். மும்மூன்று பட்டைகள் நெருங்கும் 20 முக்கோண மூலைகள் இறுக்கத்தில் கிட்டத்தட்ட மூடியே போயிருக்கும்.

கடையில் வாங்கும்போது முதலில் அந்த 12 துளைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துத் துளை பெரிதாகவும் மறுபக்கத்துத் துளை சிறிதாகவும் இருந்தால் பட்டையின் இழுவை சமமாக இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பந்து மேலே எழும்போதே தள்ளாடும், நேராக இறங்காது. அடுத்து இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிர்ப் பக்கம் அமுக்குங்கள். கொஞ்சம் உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் காலில் வலிக்கும். அமுங்கிய இடம் மெதுவாகத் திரும்பினால் இழை நைந்து போயிருக்கிறது. கடைசியாகச் சிமெண்டுத் தரையில் மெல்ல உருட்டுங்கள். கோணல் இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். இழையின் நுனிகள் உள்பக்கமாகச் செருகப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நுனி புறங்காலைக் கிழித்துவிடும்.

பிரம்புக்குப் பெரிய பகை ஈரம். ரங்கூனில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை. நனைந்த பந்து கனக்கும், தொய்யும், 'டக்' என்ற ஓசை போய் 'தொப்' என்று விழும். அதைவிடப் பெரிய தவறு, நனைந்ததை அவசரமாக வெயிலில் காயவைப்பது. வெளிப்பக்கம் சீக்கிரம் சுருங்கி, பட்டைகள் ஒன்றையொன்று உரசும் சந்திப்பு ஓரங்களில் இழை வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வலைப்பையில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் விடுவதுதான் வழி. ரொம்ப நாள் ஆடாமல் கிடந்து காய்ந்துபோன பந்தும் வெடிக்கும். அதை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு எடுத்தால் போதும்.

பிளாஸ்டிக் பந்து மழைக்கு நல்லது, பல மடங்கு உழைக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக அது போதும். ஆனாலும் நான் பிரம்புப் பக்கம்தான். காரணம் ஓசை. சரியான இடத்தில், சரியான அழுத்தத்தில் பட்ட உதைக்குப் பிரம்பு ஒரு தெளிந்த ஓசை கொடுக்கும். ஓரத்தில் பட்டால் ஓசை சிதறும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத நேரத்தில் அந்த ஓசைதான் வாத்தியார். பிளாஸ்டிக்கில் இந்த வித்தியாசம் காதுக்கு எட்டுவதில்லை.

ஆடுகளத்துக்கு 22 அடி விட்டமுள்ள ஒரு வட்டம், அதாவது சுமார் 6.7 மீட்டர். நடுவில் ஒரு முளை அடித்து, 11 அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து சுண்ணாம்புக் கோடு போட்டால் முடிந்தது. கெட்டியான மண் தரை உத்தமம். கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் பெருக்கித் தண்ணீர் தெளித்து அரைமணி விட்டால் தூசி அடங்கும். சிமெண்டுத் தரையில் இரண்டு கெடுதல்: ஊன்றுகாலின் குதிகால் வலிக்கும், கீழே விழும் பந்து சீக்கிரம் நைந்துபோகும். அனவ்ரதா சாலையில் காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகள் மாதிரி இடங்களில் 22 அடி எங்கே கிடைக்கும்? அங்கே நாலு பேர், சின்ன வட்டம் என்று சுருக்கிக்கொள்ளலாம். இடம் சுருங்கினால் உதையின் உயரத்தையும் சுருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். நாலு பேர் நின்றுகொண்டு ஆறு பேர் வட்டத்துக்கான உயரத்தில் உதைத்தால் பந்து எதிர்வீட்டுப் பலகணிக்குப் போகும்.

உடுப்பு என்றால் ஆண்களுக்கு லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவதுதான் பழைய வழக்கம். முன்பக்கத் துணியைச் சுருட்டிக் கால்களுக்கிடையே பின்னால் இழுத்து இடுப்பில் செருகுவதைப் பர்மியர்கள் 'கடவுங் சைக்' என்பார்கள். நம் பெரியவர்கள் வயலில் இறங்குமுன் செய்தது அதேதான். முட்டிக்குமேல் துணி ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் உதையில் பந்து துணியில் சிக்கும். இப்போது அரைக்கால் சட்டையே அதிகம். காலுக்கு ஒன்றுமில்லாமலும் ஆடலாம், மெல்லிய தட்டை அடியுள்ள துணிக் காலணியோடும் ஆடலாம். தடித்த அடியுள்ள ஓட்டக் காலணி மட்டும் வேண்டாம். உள்ளங்காலுக்குப் பந்து எங்கே படுகிறது என்றே தெரியாமல் போகும்.

இனி உதைகள். 200க்கும் மேற்பட்ட வகைகளைச் சொல்கிறார்கள். அவை எல்லாமே பந்து படும் ஆறு இடங்களிலிருந்து பிறந்தவை: விரல்களின் மேற்பக்கம், பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், உள்ளங்கால், குதிகால், முழங்கால். கை மட்டும் படவே கூடாது.

பாதத்தின் உள்பக்க உதைதான் அரிச்சுவடி. ஊன்றுகாலின் முட்டியைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். உதைக்கும் காலின் முட்டியை வெளிப்பக்கம் திருப்பி, பாதத்தின் உள்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி தட்டு மாதிரி ஏந்துங்கள். கணுக்கால் இறுக்கமாக இருக்க வேண்டும். பந்து முட்டிக்குக் கீழே இறங்கி வரும்வரை பொறுத்து, கீழிருந்து நேர்மேலே தூக்குங்கள். மார்பு உயரம் போதும். புதியவர்களுக்கு மூன்று இடத்தில் தவறும். பந்து இறங்கும்வரை பொறுக்காமல் இடுப்பு உயரத்திலேயே காலை நீட்டுவார்கள்; உடல் பின்னால் சாயும், பந்து முன்னால் பறக்கும். இரண்டாவது, கணுக்காலைத் தளரவிடுவது. பந்து சுழன்றுகொண்டு பக்கவாட்டில் ஓடும். மூன்றாவது, ஊன்றுகாலை விறைப்பாக வைத்திருப்பது; பந்து அரையடி தள்ளி விழுந்தாலும் நகர முடியாது. ஒரு காலில் விடாமல் 20, மறுகாலில் 20, பிறகு மாற்றி மாற்றி 50 என்று வந்த பிறகே அடுத்ததுக்குப் போவது நல்லது. இடதுகாலைத் தள்ளிப்போடுகிறவர்கள் வட்டத்தில் ஒரு பக்கம் எப்போதும் ஓட்டையாகவே நிற்பார்கள்.

முழங்கால் உதையில் முட்டிச் சில்லில் பட்டால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் தட்டையான இடத்தில் பட வேண்டும்; அந்த நொடியில் தொடை தரைக்குச் சமமட்டமாக இருக்க வேண்டும். விரல் உதையில் விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் பந்து கிணற்றிலிருந்து வாளி ஏறுவது போல நேராக ஏறும். விரல் தொங்கினால் அது சாதாரணக் கால்பந்து உதையாகிவிடும். உள்ளங்காலும் குதிகாலும் பின்பக்கத்து உதைகளுக்கு. கண்ணால் பார்க்காமல் அடிப்பதால் இவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். இதில் ஒரு சூட்சுமம்: பின்னால் அடிப்பது உண்மையில் முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு முந்திய உதை பந்தைத் தலைக்குமேல், தோளுக்குச் சற்றுப் பின்னால் சரியாக விட்டிருந்தால், கால் போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போகும். பின்னுதை தவறுகிறது என்றால் பின்னுதையைப் பழகாதீர்கள்; அதற்கு முந்தியதைத் திருத்துங்கள்.

காலை மட்டும் பார்த்தால் போதாது. கை, தோள், கழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் உதை முழுமை என்று பர்மியர்கள் கணக்கிடுகிறார்கள். பந்து சரியாக எழும்பினாலும் கை காற்றில் துழாவினால் பெரியவர்கள் தலையாட்டமாட்டார்கள். பர்மிய நடனத்துக்கும் தற்காப்புக் கலைக்கும் இதில் பங்கு உண்டு. சிலம்பம் பழகியவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: கம்பு சுழல்வதற்கு முன் கால்வைப்பைத்தானே ஆசான் பார்ப்பார்?

இப்போது வட்டத்துக்கு வருவோம். ஆட்டம் நடக்கும்போது ஐந்து பேரும் ஒரே திசையில், இடைவெளி குலையாமல், நடந்துகொண்டே இருப்பார்கள், ஒருவர் நடுவில். நடுவர் ஓர் உதையிலிருந்து இன்னொரு உதைக்குக் கோத்துக்கொண்டு போவார். பந்து அவர் எல்லையைத் தாண்டி வரும்போது அருகிலிருப்பவர் ஒரே உதையில் அதை அவருக்கே திருப்பித் தர வேண்டும். அந்த ஒரே உதைதான் சின்லோனின் உயிர். தன்னிடம் வந்த பந்தில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி அழகு காட்டிவிட்டுத் தருபவரால் நடுவரின் தாளம் அறுந்துவிடும்.

திருப்பித் தரும் பந்து எப்படி இருக்க வேண்டும்? நடுவரின் தலைக்கு ஒரு முழம் மேலே ஏறி, சுழற்சி இல்லாமல், அவருக்கு முன்னால் ஓர் எட்டுத் தூரத்தில் இறங்க வேண்டும். தாழ்வாகத் தட்டையாக வந்தால் அவர் அதைக் காப்பாற்றத்தான் முடியும், அதிலிருந்து எதையும் தொடங்க முடியாது. ரொம்ப உயரமாகப் போனால் வேகமாக இறங்கும், காலில் பட்டுத் தெறிக்கும். நடந்துகொண்டே இப்படித் தருவதற்கு, பந்து வருமுன்பே ஊன்றுகால் எது என்று முடிவாகியிருக்க வேண்டும். அதனால்தான் வட்டத்தில் இருப்பவர் பந்தைப் பார்ப்பதைவிட நடுவரின் இடுப்பைப் பார்ப்பது நல்லது. அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பந்து தப்பினால் பெரும்பாலும் அந்தப் பக்கமே தப்பும்.

அதிகமாகப் பந்து விழுவது இரண்டு பேருக்கு நடுவே. "நீ எடுப்பாய் என்று நினைத்தேன்" என்று இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். அல்லது இரண்டு பேரும் காலை நீட்டிக் கணுக்கால் இடிபடும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஒரு விதி இதைத் தீர்க்கும்: பந்து யாரை நோக்கி நகர்கிறதோ அவருக்கு, நட்டநடுவே என்றால் நடக்கும் திசையில் முன்னால் இருப்பவர் விட்டுவிட்டுப் பின்னால் வருபவர் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவருக்குத்தான் பந்து கண்ணெதிரே தெரியும். நம் கும்மியில் கை தட்டித் திரும்பும்போது யாரும் யார்மீதும் இடிப்பதில்லை. சின்லோன் வட்டத்துக்கும் அந்த இடைவெளி உணர்வுதான் தேவை.

திருவிழாக்களில் இந்த வட்டம் முழு உருவம் எடுக்கும். பக்கத்தில் சைங் வைங் மேளக்குழு உட்கார்ந்திருக்கும்: வாசிப்பவரைச் சுற்றி வட்டமாகக் கட்டிய 21 முழவுகள், நம் நாகசுரத்தின் உறவு போன்ற 'ஹ்னே', தாளங்கள். ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வாத்தியம் ஏறி இறங்கும். ஒருவர் ஒலிபெருக்கியில் உதைகளின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பார். தவிலுக்கும் நாகசுரத்துக்கும் பழகிய காதுக்கு அங்கே அந்நியமாக எதுவும் இருக்காது. இவற்றில் பெரியது மண்டலே மகாமுனிப் பகோடாவில் வாசோ மாதத்தையொட்டி நடப்பது. ஒரு மாதத்துக்கும் மேலாக நீளும்; ஆயிரத்துக்கும் அதிகமான குழுக்கள் வரும். அறுபது, எழுபது வயதுக்காரர்களும் சிறுமிகளும் ஒரே நாளில் ஆடுவதை அங்கே பார்க்கலாம்.

பெண்கள் மட்டுமே ஆடும் தனியாட்டம் ஒன்றும் உண்டு. 'தபந்தைங்' என்று பெயர். பந்தை விழவிடாமல் தட்டிக்கொண்டே வளையத்துக்குள் நுழைவது, எதன்மீதாவது ஏறி நின்று சமநிலை காப்பது போன்றவை அதில் வரும். அம்மானைக் காய்களைக் கையால் எறிந்து பிடித்த பாட்டிகளின் பேத்திகள் நிறையப் பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. வட்ட ஆட்டத்திலும் இப்போது பெண்கள் குழுக்களும் கலப்புக் குழுக்களும் சாதாரணம்.

எவ்வளவு பழையது? பியூ மக்களின் தலைநகரான ஸ்ரீக்ஷேத்திரத்தில், இன்றைய பியே நகருக்கு அருகே, சின்லோன் பந்தைப் போன்ற ஒரு வெள்ளிப் பந்து கிடைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் ஆட்டத்துக்கு 1,500 வருட வயது என்று சொல்கிறார்கள். வெள்ளியில் செய்ததை யாரும் உதைத்து ஆடியிருக்க முடியாது. ஆகவே அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, முடிந்த சான்றாக அல்ல. சீனத்திலும் ஜப்பானிலும் தாய்லாந்திலும் பந்தைக் காலால் எழுப்பும் பழைய ஆட்டங்கள் இருந்தன. ஜப்பானியரின் கெமாரியிலும் வெற்றி தோல்வி கிடையாது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதே குடும்பத்துப் பிரம்புப் பந்து வலை தாண்டும் போட்டியாக வளர்ந்து செபாக் தக்ரோ ஆனது; பர்மியர்கள் அதற்கு 'வலை தாண்டும் சின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பந்து ஒரே மாதிரிதான், நோக்கம் நேரெதிர்: அங்கே எதிராளியால் எடுக்க முடியாதபடி அடிக்க வேண்டும், இங்கே கூட்டாளியால் எளிதாக எடுக்கும்படி தர வேண்டும்.

எழுத்தில் விதி வந்தது சமீபத்தில்தான். 1953இல் முதல் விதிநூல் வெளியாகி, வட்டத்தின் அளவும் புள்ளி கொடுக்கும் முறையும் நிலைப்பட்டன. அதற்குப் பிறகே போட்டிச் சின்லோன் என்ற ஒன்று தனியாக உருவானது. 1961இலும் 1969இலும் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளை ரங்கூன் நடத்தியது. 44 வருடம் கழித்து 2013இல், தென்கிழக்காசிய விளையாட்டுகள் என்று பெயர் மாறியிருந்த அதே விளையாட்டுகளை நடத்தும் வாய்ப்பு நாட்டுக்கு மீண்டும் வந்தபோது, தலைநகர் நேப்பிடோவில் சின்லோனும் பதக்கப் பட்டியலில் ஏறியது. ஒரே உதையைத் திரும்பத் திரும்பச் செய்வது, வந்த உதை மறுபடி வராமல் ஆடுவது என்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள். தங்கத்தில் பெரும்பங்கு மியான்மருக்கே. போட்டியாக்கியதால் பந்தைப் பற்றிய கவனம் வெளியுலகில் கூடியது என்பது உண்மை. ஆனாலும் கணக்குக்காக ஆடும்போது உதைகள் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடுகின்றன. திருவிழா வட்டத்தில் நடுவர் அந்த நொடியில் கண்டுபிடிக்கும் உதைக் கோவை, புள்ளிப் பலகைக்கு முன்னால் வருவதில்லை.

மக்கள் கூட்டத்தைக் கணக்கிட்டால் இங்கேயும் சாதாரணக் கால்பந்துதான் முன்னால் நிற்கிறது. பிரிட்டிஷார் கொண்டுவந்த அந்த ஆட்டத்தில் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் பர்மா தங்கம் வாங்கியது. 1970இல் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. அந்தப் பெருமையை இன்றும் டீக்கடைகளில் பேசுவார்கள். சின்லோனுக்கு அப்படி நட்சத்திரங்களும் தொலைக்காட்சியும் குறைவு. இருந்தும் அது நிற்கிறது. வேலை முடிந்து ஆறு பேர் சேர்ந்தால், 22 அடி இடமும் ஒரு பந்தும் இருந்தால் போதும். வயது வித்தியாசம் தடையில்லை. தோற்றுப்போய் முகம் வாடி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ரங்கூனிலும் மோல்மேனிலும் நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளோடு ஒரே வட்டத்தில் நிற்பதற்கு இவ்வளவு சுலபமான வழி வேறு இல்லை.

மகாமுனிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மேடைக்கு நேர் எதிரே இடம் தேடாதீர்கள். அங்கிருந்து நடுவர் மட்டும்தான் தெரிவார். பக்கவாட்டில், கொஞ்சம் உயரமான படியில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, வட்டத்தில் ஒரே ஒருவரின் ஊன்றுகாலைப் பின்தொடர்ந்து பாருங்கள். பந்து அவரிடம் வருவதற்கு இரண்டு எட்டு முன்பே அந்தக் கால் தயாராக நிற்பது தெரியும்.